பணவீக்கம்: வீங்குவது பணமா, விலையா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பணவீக்கம் என்றால் விலைவாசி உயர்வு என்று பாடநூல்கள் சொல்கின்றன. அரசும் மத்திய வங்கியும் பணத்தை அச்சடித்துக் குவிப்பதுதான் பணவீக்கம், விலை உயர்வு அதன் விளைவு மட்டுமே என்று வேறு சிலர் அடித்துச் சொல்கிறார்கள். இவற்றில் எது சரி, உண்மையான காரணம்தான் எது? கூடவே ஒரு துணைக்கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தி வரும் மாதத்தில்கூட மளிகைக் கடைச் சிட்டையில் தொகை குறைவதில்லையே, ஏன்?

தமிழில் இந்தக் குழப்பம் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது; அதற்குச் சொல்லே ஒரு காரணம். கடைத்தெருவில் யாரும் ‘பணவீக்கம் ஏறிவிட்டது’ என்று அலுத்துக்கொள்வதில்லை. ‘விலைவாசி ஏறிப்போச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். செய்தித்தாளும் வங்கி அறிக்கையும்தான் பணவீக்கம் என்கின்றன. முதல் சொல் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறது; இரண்டாவது சொல்லோ, வீங்கியது பணம்தான் என்று குற்றவாளியின் பெயரையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பைச் சுமந்துகொண்டு வரும் சொல் அது.

தமிழில் இச்சொல்லை ஆக்கியவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தின் ‘இன்ஃப்ளேஷன்’ என்ற சொல்லும் தொடக்கத்தில் பணத்தைப் பற்றியதாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், கையிருப்பிலுள்ள தங்கத்துக்கும் வெள்ளிக்கும் மிஞ்சிக் காகித நோட்டுகளை வெளியிடுவதையே அது குறித்தது. உள்நாட்டுப் போரின் செலவுக்காக 1862 முதல் வெளியிடப்பட்ட கிரீன்பேக் நோட்டுகளைப் பற்றிய வாதங்களில், வீங்கியதாகச் சொல்லப்பட்டது நாணயம். விலை ஏறியது அதைத் தொடர்ந்து வந்த சங்கதி. 20ஆம் நூற்றாண்டில்தான், மெல்ல மெல்ல, காரணத்தின் பெயர் விளைவுக்கு இடம் மாறியது. ஆஸ்திரியப் பள்ளி எனப்படும் பொருளியல் மரபைச் சேர்ந்த லுட்விக் ஃபான் மீசஸ் இந்த இடமாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தார். விளைவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் காரணத்தைச் சுட்டுவதற்குச் சொல்லே இல்லாமல் போகும், அப்போது அரசு வணிகரையும் பதுக்கல்காரரையும் காட்டித் தப்பித்துக்கொள்ளும் என்பது அவர் கவலை. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும், பணம் பெருகுவதையே பணவீக்கம் என்று வரையறுப்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அவர்கள் அடிக்கடி துணைக்கு அழைப்பது அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனின் புகழ்பெற்ற வாக்கியத்தை: பணவீக்கம் எப்போதும், எங்கேயும் பணம் சார்ந்த நிகழ்வே. இந்தக் கருத்தை அவர் விரித்துரைத்தது பம்பாயில் ஆற்றிய உரைகளில். அவை 1963இல் சிறு நூலாகவும் வந்தன. அதே உரையில் பணவீக்கம் என்பதற்கு ஃப்ரீட்மன் கொண்ட பொருள், விலைகள் தொடர்ந்தும் நீடித்தும் ஏறுவது என்பதுதான். அவர் விலை உயர்வைத் தனியாக வரையறுத்துக்கொண்டு, பிறகு அதற்குக் காரணம் பணம் என்று வாதிட்டார். பணப் பெருக்கமே பணவீக்கம் என்று முதலிலேயே வைத்துக்கொண்டிருந்தால் அந்த வாக்கியம் ‘பணப் பெருக்கம் எப்போதும் பணப் பெருக்கமே’ என்ற வெற்றுச் சொல்லாகியிருக்கும். அதை யாரும் மறுக்கவும் முடியாது, அதனால் யாருக்கும் பயனும் இருந்திருக்காது. பணம்தான் காரணம் என்று மனப்பூர்வமாக நம்புகிறவருக்கும் வரையறையில் அதைக் கலக்காமல் இருப்பதே நல்லது என்பதற்கு இதைவிடத் தக்க சான்று தேவையில்லை.

ஆகவே நான் ஏற்கும் வரையறை இது: ஒரு நாட்டில் பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் பொதுவான விலைமட்டம் தொடர்ந்து ஏறிக்கொண்டிருப்பதே பணவீக்கம். இதில் ‘பொதுவான’, ‘தொடர்ந்து’ என்ற இரண்டு சொற்களும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. 2023 ஜூலையில் இந்தியாவின் பல நகரங்களில் தக்காளி கிலோ 150 ரூபாயைத் தாண்டி, சில இடங்களில் 200 ரூபாயையும் தொட்டது நினைவிருக்கலாம். அம்மாதம், குடும்பங்கள் கொடுக்கும் சில்லறை விலைகளை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஆண்டு உயர்வு 7.44 சதவீதம், செப்டம்பரில் புதுத் தக்காளி சந்தைக்கு வந்ததும் அது 5.02 சதவீதமாக இறங்கிவிட்டது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்தக் குறியீட்டில் தக்காளியின் எடை, அதாவது குடும்பச் செலவில் அதற்குக் கொடுத்த பங்கு, நூற்றுக்கு 0.57தான். ஆனால் அவ்வளவு சிறிய எடையுள்ள ஒரு பொருளின் விலை ஓராண்டில் மூன்று மடங்கானால், அது ஒன்றே முழுக் குறியீட்டை ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி உயர்த்திவிடும். இது குடும்பத்தின் கைச்செலவைக் கடிக்கும் உண்மையான துன்பம். ஆனால் பணவீக்கம் என்று இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. மற்றவற்றோடு ஒப்பிடத் தக்காளி அருமையாகிவிட்டது என்பது ஒரு செய்தி. ரூபாயின் வாங்கும் திறனே தேய்கிறது என்பது வேறு செய்தி. ஒற்றைக் குறியீட்டு எண்ணுக்குள் இரண்டும் பிரிக்கமுடியாதபடி கலந்து வருகின்றன.

விலைமட்டம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, அதைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. ஒரு கூடைப் பொருள்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்து, மாதாமாதம் விலை விசாரித்துக் கணக்கிடப்படும் ஓர் எண்தான் அது. கூடை மாறினால் எண்ணும் மாறும். 2022 மே மாதம் இந்தியாவில், மொத்த வியாபார விலைகளை அளக்கும் மொத்த விலைக் குறியீடு முந்தைய ஆண்டைவிட 15 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது. அதே மாதம் நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு 7.04 சதவீதம். 2023ஆம் ஆண்டின் நடுவில் மொத்த விலைக் குறியீடு பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. நுகர்வோர் குறியீடோ 4 முதல் 7.5 சதவீதம் வரை உயர்வைக் காட்டிக்கொண்டிருந்தது. இவற்றில் எதுவும் பொய்க்கணக்கு அல்ல. மொத்த விலைக் குறியீட்டில் ஏறத்தாழ 64 சதவீத எடை ஆலைப் பொருள்களுக்கு. உருக்கும் இரசாயனமும் எண்ணெயும் உலகச் சந்தையில் ஏறி இறங்கும்போது அதுவும் துள்ளும். பேருந்துக் கட்டணம், பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, வீட்டு வாடகை ஆகிய சேவைகளுக்கு அதில் இடமே இல்லை. சம்பளத்தில் வாழும் ஒருவரின் வாழ்க்கையை அது அளப்பதே இல்லை என்றாலும், 2014 வரை நம் நாட்டில் தலைப்புச் செய்தியாக வந்தது பெரும்பாலும் அந்த எண்தான். பணக் கொள்கையை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த உர்ஜித் பட்டேல் குழு 2014 ஜனவரியில் அளித்த அறிக்கைக்குப் பிறகே ரிசர்வ் வங்கி நுகர்வோர் குறியீட்டைத் தன் அளவுகோலாகக் கொண்டது.

நுகர்வோர் குறியீட்டிலும் எந்த நுகர்வோர் என்ற கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. 2012 வரிசையில் உணவு, பானங்களின் எடை நாடு முழுவதற்கும் 45.86, கிராமங்களுக்கு 54.18, நகரங்களுக்கு 36.29. 2022-23இல் எடுக்கப்பட்ட குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலோ, கிராமக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு ஏறத்தாழ 46 சதவீதமாகவும் நகரத்தில் 39 சதவீதமாகவும் இருந்தது. பத்தாண்டுகளுக்கு முந்தைய தட்டை வைத்து இன்றைய பசியை அளந்தால், உணவு விலை ஏறும்போது கிராமத்துக்கான எண் தேவைக்கு மேல் ஏறும். இறங்கும்போது தேவைக்கு மேல் இறங்கும். 2025 அக்டோபரில் இந்த வரிசையின் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு விழுந்ததைப் பார்த்தவர்கள், உணவையும் எரிபொருளையும் நீக்கிய கணக்கு அப்போதும் 4 சதவீதத்துக்கு மேல் இருந்ததைக் கவனித்திருக்கமாட்டார்கள். கிராமத்துக்கு வாடகை என்ற இனமே அந்த வரிசையில் இல்லை என்பது இன்னொரு வினோதம்.

இங்கே ஒரு சிறு விலகல். அரசு ஊழியர்களின் அகவிலைப்படி பற்றி எல்லோரும் பேசுகிறோம். அகவிலை என்ற பழைய தமிழ்ச் சொல்லுக்குத் தானிய விலை என்று பொருள். நெல் விலைதான் வாழ்க்கைச் செலவு என்றிருந்த காலத்தின் சொல் அது. இன்று ஒன்றிய அரசின் அகவிலைப்படி தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழிற்துறைத் தொழிலாளர்களுக்கான தனிக் குறியீட்டின்படி கணக்கிடப்படுகிறது; அதாவது ரிசர்வ் வங்கி வட்டியைத் தீர்மானிக்கப் பார்க்கும் எண் ஒன்று, ஊழியரின் படியைத் தீர்மானிக்கும் எண் வேறொன்று.

விலை மாறாமலே விலை ஏறும் வித்தையும் உண்டு. தேநீர்க் கடைக் கண்ணாடி அலமாரியில் தொங்கும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைப் பாருங்கள். பல ஆண்டுகளாக அது ஐந்து ரூபாய்தான்; குழந்தையின் கையில் கொடுக்கும் நாணயமும் அதேதான். ஆனால் உறையின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் கிராம் எண் ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே வருகிறது. பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே இரண்டு பிஸ்கட் குறைவு, காற்று சற்று அதிகம். ஐந்து ரூபாயை ஆறு ரூபாய் ஆக்கினால் சில்லறைத் தகராறில் விற்பனை படுத்துவிடும் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். குறியீடு கணக்கிடுகிறவர்கள் எடைக்கு எவ்வளவு விலை என்று பார்த்து இதைப் பிடித்துவிடலாம். ஹோட்டல் சாம்பாரில் பருப்பு குறைந்ததையும், இட்லி ஒரு சுற்றுச் சிறுத்ததையும் பிடிப்பதற்கு எந்தக் குறியீட்டாலும் முடியாது.

துணைக்கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம். பணவீக்கம் ஒரு வேகம். விலைமட்டம் கடந்துவந்த தூரம். வண்டியின் வேகம் குறைந்தது என்றால் வண்டி பின்னோக்கி வருகிறது என்று பொருளாகாது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி இலங்கையில் 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில், வெறும் 1.3 சதவீதம். 2021 செப்டம்பரில் 1000 ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஓராண்டில் ஏறத்தாழ 1700 ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டு 1720 ரூபாய் ஆனது. செய்தியாளர் பணவீக்கம் அடங்கிவிட்டது என்பதும் உண்மை. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்காரம்மா சாமான் விலை இறங்கவேயில்லை என்பதும் உண்மை. அவர் ஒப்பிடுவது போன வருஷத்தோடு அல்ல, பிரச்சினைக்கு முந்தைய காலத்தோடு. சம்பளம் அந்த 1700ஐ எட்டிப்பிடிக்கும் வரை அவருக்கு நெருக்கடி முடியவில்லை.

இனி காரணம். பணத்தையே காரணமாகச் சொல்வோரின் அடிப்படைச் சமன்பாடு எளியது: புழக்கத்திலுள்ள பணத்தை அது கைமாறும் வேகத்தால் பெருக்கினால் வரும் தொகை, விலைமட்டத்தை உற்பத்தியால் பெருக்கினால் வரும் தொகைக்குச் சமம். 1911இல் அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் இதைத் தெளிவாக எழுதிக்காட்டினார். இது கணக்களவில் எப்போதும் சரியே. சிக்கல் எங்கே என்றால், கைமாறும் வேகம் நிலையானது என்று வைத்துக்கொண்டால்தான் பணம் பெருகியது விலையாக மாறியாக வேண்டும். 2008க்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கியின் சொத்துக் கணக்கு ஒரு லட்சம் கோடி டாலருக்குக் கீழிருந்து நான்கரை லட்சம் கோடி டாலருக்குப் பெருகியது. கட்டுக்கடங்காத விலை உயர்வு வரும் என்று பலர் எச்சரித்தும், அடுத்த பத்தாண்டில் அங்கே பணவீக்கம் பெரும்பாலும் 2 சதவீதத்துக்குக் கீழேயே கிடந்தது. உருவாக்கப்பட்ட பணம் வங்கிகளின் இருப்பிலேயே தங்கிவிட்டது. 2020இல் கதை வேறு: அரசின் உதவித்தொகை நேராக மக்களின் கணக்குக்குப் போனது, அதே நேரத்தில் கப்பல்களும் கணினிச் சிப்புகளும் தட்டுப்பாடாயின, 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. ஆக, எவ்வளவு பணம் என்பதோடு, அது யார் கையில் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

காரணகாரியம் எந்தத் திசையில் ஓடுகிறது என்ற சண்டை பழையது. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலைக்கு ஜெர்மனி போனபோது, அச்சகங்களை ஓட்டிக்கொண்டிருந்த ரைக்ஸ்பேங்க் என்ற ஜெர்மன் மத்திய வங்கியின் தலைவர் ருடால்ஃப் ஹாவன்ஸ்டைனும், பொருளியலாளரும் அரசியல்வாதியுமான கார்ல் ஹெல்ஃபெரிக்கும் பணம் காரணமல்ல என்றே வாதிட்டார்கள். போர் இழப்பீடு கட்ட வேண்டியிருப்பதால் மார்க்கின் மதிப்பு விழுகிறது, அதனால் இறக்குமதி விலை ஏறுகிறது, ஏறிய விலைக்கு ஈடுகொடுக்கவே நோட்டு அச்சிட வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் தரப்பு. அவர்கள் சொன்ன முதல் இரண்டு கண்ணிகளும் பொய்யல்ல. ஆனால் மூன்றாவது கண்ணியை, அதாவது ஏறிய விலைக்கெல்லாம் நோட்டு அச்சிட்டுக்கொடுப்பதை, யாராவது மறுத்திருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும். தொடங்கிவைக்கும் காரணம் ஒன்று, ஓடவிடும் காரணம் வேறொன்று என்ற வேறுபாட்டை நான் முதலில் புரிந்துகொண்டது இந்த வழக்கில்தான்.

நூறாண்டு கழித்து, நமக்கு மிக அருகில், அதே வழக்கு மீண்டும் நடந்தது. இலங்கையின் நெருக்கடிக்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை (வாட்) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது என்பார் ஒருவர். கொரோனாவால் சுற்றுலா நின்றது என்பார் மற்றொருவர். 2021இல் இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்ததால் அடுத்த பெரும்போக (மாரிகால நெற்பருவ) விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்ததைச் சொல்வார் வன்னி விவசாயி. உக்ரைன் போரால் எண்ணெய் ஏறியது என்பது அரசாங்கத் தரப்பு. மத்திய வங்கி காசு அச்சடித்தது என்பது பொருளியலாளர்களில் பலரின் பதில். இவையெல்லாம் நடந்தன, இவற்றை வரிசைப்படுத்தி எழுதி ‘பல காரணங்கள்’ என்று முடித்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் எதன் பங்கு எவ்வளவு என்று கேட்காமல் பட்டியல் போடுவது பதிலாகாது.

ஓர் எளிய ஒப்பீடு செய்யலாம். 2022இல் உலகச் சந்தையின் எண்ணெய் விலையும் கோதுமை விலையும் எல்லா அண்டை நாடுகளுக்கும் ஒன்றுதான். இந்தியாவின் பணவீக்கம் அவ்வாண்டு ஏப்ரலில் 7.79 சதவீதத்தில் உச்சம் தொட்டது. பங்களாதேஷில் ஆகஸ்டில் 9.52 சதவீதம். இலங்கையில் 69.8, உணவுக்கு மட்டும் 94.9. வெளியிலிருந்து வந்த அதிர்ச்சி சில சதவீதப் புள்ளிகளை விளக்கும்; எஞ்சியதை உள்நாட்டில்தான் தேட வேண்டும்.

உள்நாட்டில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் சங்கிலி துலங்குகிறது. வரி வருமானம் சுருங்கியதும், அரசாங்கத்தின் செலவை ஈடுகட்ட மத்திய வங்கி அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களைத் தானே வாங்கத் தொடங்கியது. 2019இன் முடிவில் சில ஆயிரம் கோடியாக இருந்த அந்தக் கையிருப்பு, 2022இல் இரண்டு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஆனால் 2020 முழுவதும், 2021இன் பெரும்பகுதியிலும், பணவீக்கம் ஏறத்தாழ 3 முதல் 6 சதவீதத்துக்குள்ளேயே இருந்தது. காசு அச்சடித்தால் விலை ஏறும் என்பது பழைய கோட்பாடு என்று வாதிட்டவர்களுக்கு அது பொற்காலம். உண்மையில் அழுத்தம் வேறு வாசல் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. பெருகிய ரூபாய் இறக்குமதிப் பொருளைத் தேடியது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாய் என்று பிடித்துவைத்திருந்ததால், அந்த விலைக்கு மத்திய வங்கி தன் கையிருப்பு டாலரை விற்றுக்கொண்டிருந்தது. 2019இன் முடிவில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2021இன் முடிவில் சீனாவுடனான நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டில் கடனாகப் பெற்ற தொகையையும் சேர்த்து 310 கோடிக்கு வந்துவிட்டது. வங்கியில் 200 ரூபாய், வெளியில் அதைவிட அதிகம் என்றானபோது, வெளிநாட்டில் உழைப்பவர்கள், வங்கியைத் தவிர்த்து ஆள்மூலம் கைமாற்றும் உண்டியல் முறை வழியாகப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். அதிகாரபூர்வமாக வந்த தொகை 2020இல் 710 கோடி டாலரிலிருந்து 2021இல் 550 கோடியாகக் குறைந்தது. கையிருப்பு தீர்ந்த பிறகு, 2022 மார்ச்சில், ரூபாயை விட்டுவிட நேர்ந்தது. சில வாரங்களில் டாலர் 360 ரூபாயை ஒட்டிப் போனது. அதன் பிறகுதான் விலைகள் வெடித்தன. பணத்தின் விளைவு முதலில் கையிருப்பில் தெரிந்தது, பிறகு நாணய மாற்று விகிதத்தில், கடைசியாகத்தான் கடையில். கடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது மார்ச்சில் திடீரென்று வந்தது போலத் தோன்றியது.

இதில் மண்ணெண்ணெயின் கதையை நான் அடிக்கடி நினைப்பேன். 2022இல் பெற்றோல் விலை 177 ரூபாயிலிருந்து படிப்படியாக 470 வரை ஏறியபோதும், ஏழைகளின் எரிபொருள் என்பதால் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் ஒரே நாளில் அது 340 ரூபாய் ஆனது. புள்ளிவிவரத்தில் அந்த நாளில்தான் அதன் விலை ஏறியது. ஆனால் வடக்கின் கரைகளில், வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டும் சிறு மீனவருக்கு அது ஏறியது அதற்கு மாதங்களுக்கு முன்பே. 87 ரூபாய் என்று பலகையில் எழுதியிருக்கும், எண்ணெய் இருக்காது. வெற்றுக் கலனை வரிசையில் வைத்துவிட்டு விடிய விடியக் காத்திருந்து, கடலுக்குப் போகாத நாள்களின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவருக்கு அந்த எண்ணெயின் விலை என்ன? கிடைக்காத பொருளின் குறைந்த விலையைக் குறியீடு நேர்மையாகப் பதிந்துகொண்டிருந்தது. விலையைக் கட்டி நிறுத்தினால் பணவீக்கம் மறைவதில்லை, வரிசையாக உருமாறுகிறது. விலை உயர்வுதான் பணவீக்கம் என்ற என் வரையறை தடுமாறும் இடம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணத்தை வைத்து வரையறுப்பவர்கள் இந்த ஒரு வகையில் என்னைவிடத் தெளிவாகப் பார்ப்பார்கள்.

இலங்கை மத்திய வங்கி 2022 ஏப்ரல் 8 அன்று வட்டி விகிதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 2023இல் இயற்றப்பட்ட புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்காக நேரடியாகப் பணம் உருவாக்கிக் கொடுப்பதைப் பொதுவாகத் தடை செய்தது.

இலங்கையைப் பார்த்துவிட்டு எல்லாப் பணவீக்கமும் அச்சகத்தில் பிறக்கிறது என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. இந்தியாவின் 1974ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1971 போர், அகதிகளைப் பராமரித்த செலவு, 1972இல் பொய்த்த பருவமழை, 1973 இறுதியில் ஏறத்தாழ நான்கு மடங்கான எண்ணெய் விலை ஆகியவை அடுத்தடுத்து வந்தன. 1974-75இல் மொத்த விலைகளின் சராசரி உயர்வு 25 சதவீதம். தொடக்கம் தட்டுப்பாடு, அதன் மேல் பற்றாக்குறை வரவு செலவும் பணப்பெருக்கமும் ஏறின. அரசு 1974 ஜூலையில் பிறப்பித்த அவசரச் சட்டங்களில் ஒன்று, ஊழியர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கவிருந்த அகவிலைப்படியில் பாதியையும் ஊதிய உயர்வு முழுவதையும் கட்டாய வைப்பாக நிறுத்திவைத்தது. மக்கள் கையில் பணம் அதிகம் என்பதே நோய் என்று முடிவு செய்தால், மருந்து ஊழியரின் சம்பள உறையில்தான் வைக்கப்படும். அடுத்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தது, விலையும் இறங்கியது. இறக்கியது மழையா அவசரச் சட்டமா என்று இன்றும் வாதிடலாம். இரண்டுக்கும் பங்குண்டு, மழையின் பங்கு பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுவதைவிட அதிகம் என்பது என் கணிப்பு.

எதிர்பார்ப்பு என்ற காரணத்தையும் ஒரு சொல்லில் தொட்டுவிடுகிறேன். அடுத்த ஆண்டு எல்லாம் பத்து சதவீதம் ஏறும் என்று நம்புகிற வீட்டுக்காரர் வாடகையைப் பத்து சதவீதம் ஏற்றுவார். அந்த நம்பிக்கையே விலையாகிறது. நிறுவனங்கள் இலாப வரம்பை ஏற்றுவதே காரணம் என்ற வாதம் 2021-22இல் மேலை நாடுகளில் பெரிதாக எழுந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் சில துறைகளில் இலாபம் கூடியது மெய். ஆனால் பேராசை 2019இலும் இருந்ததே, அப்போது ஏன் விலை ஏறவில்லை என்ற கேள்விக்கு அந்த வாதத்திடம் நல்ல பதில் இல்லை.

கடைசியாக, இந்த வேறுபாடுகளெல்லாம் நடைமுறையில் எங்கே மோதுகின்றன என்று பார்ப்போம். 2016இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி ரிசர்வ் வங்கி நுகர்வோர் பணவீக்கத்தை 4 சதவீதத்தில், 2க்குக் குறையாமலும் 6ஐத் தாண்டாமலும், வைத்திருக்க வேண்டும். மூன்று காலாண்டுகள் தொடர்ந்து தவறினால் ஏன் தவறியது என்று அரசுக்கு எழுதித் தர வேண்டும். 2022இல் முதன்முறையாக அப்படித் தவறியது. அவ்வாண்டு மே முதல் 2023 பிப்ரவரி வரை, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. வட்டியை ஏற்றினால் வீட்டுக் கடன், வாகனக் கடன் குறையும், தேவை தணியும். தக்காளிச் செடி அதனால் ஒரு காய்கூடக் கூடுதலாகக் காய்க்காது. ஆகவே உணவை நீக்கிய குறியீட்டையே இலக்காக வைக்கலாம் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை யோசனை கூறியது. பணவீக்கம் என்றால் பணத்தின் நோய் என்று கொள்பவருக்கு இந்த யோசனை முற்றிலும் சரியாகப்படும். மக்களின் வாழ்க்கைச் செலவு என்று கொள்பவருக்கு, பாதித் தட்டை மூடிவைத்துவிட்டுச் சாப்பாட்டை அளப்பதாகப்படும். நான் இரண்டாமவரின் பக்கம் சாய்கிறேன். உணவு விலை ஆறு மாதம் ஏறிய நிலையிலேயே நின்றால் அது கூலியிலும் வாடகையிலும் ஹோட்டல் பில்லிலும் கலந்துவிடுகிறது. அதற்குப் பிறகு உணவை நீக்கிக் கணக்கிட்ட எண்ணிலும் அது இருக்கும். தக்காளிக்கு வட்டி மருந்தாகாது. அதற்குக் குளிர்பதனக் கிடங்கும் இறக்குமதியும் சேமிப்பிலிருந்து விடுவிக்கும் தானியமும் வேண்டும். அவை ரிசர்வ் வங்கியிடம் இல்லை, அரசிடம் இருக்கின்றன.